அந்த இரண்டு மணித்தியாலம்

2004 டிசம்பர் 26, ஞாயிறு. காலை 7 மணிக்குச் சற்று முன்னர் சுமாத்திராவுக்கு மேற்கே கடலடி முறிந்தது. கிண்ணியாவிலும் மூதூரிலும் கடல் ஊருக்குள் ஏற ஏறத்தாழ இரண்டு மணித்தியாலம் இருந்தது. அந்த நேரம் ஒருவருக்கும் பயன்படவில்லை. “கடல் வருது, ஓடுங்க” என்ற சத்தம்தான் பலருக்குக் கிடைத்த ஒரே எச்சரிக்கை.

கடல் ஏன் வந்தது? நாம் வீடு கட்டியிருக்கும் நிலம் இந்தியத் தட்டின் மேல் இருக்கிறது. அந்தத் தட்டு நகர்கிறது. கண்டங்கள் ஒருகாலம் ஒன்றாயிருந்து பிரிந்தன என்று 1912 இல் அல்பிரட் வெகனர் சொன்னார். எது அவற்றைத் தள்ளுகிறது என்று அவரால் காட்ட முடியவில்லை. அறிஞர் பலர் ஏற்கவுமில்லை. 1930 இல் கிறீன்லாந்துப் பனியில் அவர் இறந்துபோனார்.

சான்று கடலடியிலிருந்து வந்தது, அதுவும் நம்முடைய இந்து சமுத்திரத்திலிருந்து. கடலடி மலைத்தொடர்களில் உருகிய பாறை மேலே வந்து புதிய தரையாகிறது என்றார் ஹரி ஹெஸ் (1962). பாறை ஆறும்போது பூமியின் காந்தத் திசையைப் பதிந்துகொள்ளும். அந்தத் திசையோ காலத்துக்குக் காலம் தலைகீழாக மாறுவது. அப்படியானால் மலைத்தொடரின் இருபுறமும் மாறி மாறிக் காந்தப் பட்டைகள் இருக்கவேண்டும். வைனும் மத்தியூசும் 1963 இல் இதை விளக்கியது அரபிக்கடல் பக்கத்துக் கால்ஸ்பேர்க் மலைத்தொடரின் அளவீடுகளை வைத்துத்தான்.

ஒருபக்கம் தரை பிறந்தால் மறுபக்கம் அமிழவேண்டுமே. சுமாத்திராவருகே இந்தியத் தட்டு, வருடத்துக்குச் சில சென்றிமீற்றர் வீதம், அடுத்த தட்டின் கீழ் போகிறது. இரண்டும் சிக்கிக்கொள்ளும், மேல்தட்டின் விளிம்பும் கூடவே கீழே இழுபடும். அன்று சுமார் 1,300 கிலோமீற்றர் நீளத்துக்கு அந்தச் சிக்கு விட்டுப்போக, விளிம்பு நிமிர்ந்து கடலைத் தூக்கியது.

அன்-நம்ல் சூறாவின் 88ஆம் வசனத்தை இதற்கு ஆதாரமாக்கும் பயான்களைக் கேட்கிறோம். முன்னைய முபஸ்ஸிர்களில் பெரும்பாலோர் அதைக் கியாமத் நாளின் காட்சியாகவே விளங்கினார்கள். காந்தப் பட்டைகள் இருக்கும்போது வசனத்தை இதற்குள் இழுக்கத் தேவையில்லை என்பது என் எண்ணம்.

இன்னொன்றையும் பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டும். “கடல் உள்வாங்கினா ஓடு” என்பது சரிதான், ஆனால் போதாது. அன்று தாய்லாந்துப் பக்கம் தரை தாழ்ந்ததால் அங்கே கடல் முதலில் வற்றியது. நம் பக்கம் தரை உயர்ந்ததால் இங்கே முதலில் வந்ததே அலைதான். வற்றியது அதற்குப் பிறகு, அடுத்த அலைக்கு முன்.