குளக்கரைக்குக் கல்வாழை

தேனி மாவட்டத்துப் பொட்டிப்புரத்தைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். நியூட்ரினோ ஆய்வுக்கூடத்துக்கு 2015-இல் மத்திய அரசு ஒப்புதல் தந்த மலையடிவாரம் அதுதான். மேற்கே நிற்கும் மலைகள் தென்மேற்குப் பருவமழையில் பெரும்பகுதியைக் கேரளப் பக்கமே இறக்கிவிடுகின்றன. இத்தகைய பூமியில் கொல்லையிலே சிறு குளம் கட்டி, அதன் கரையில் பூவும் வேண்டுமென்றால், "தண்ணீருக்கு எங்கே போவது?" என்று வீட்டுக்காரர் கேட்கமாட்டாரா?

கல்வாழையைக் காட்டுங்கள்! அரிசி களைந்த கழுநீரும் காய்கறி கழுவிய நீருமே அதற்குப் போதும். கழிவுநீரைச் சுத்தம் செய்யும் பாத்திகளில் இதை நடுவதும் உண்டு. ஆனால் எண்ணெய்ப் பிசுக்கும் சோப்பு நுரையும் வேண்டாம்.

வெயில் படும் கரையோரத்தில் மண்ணைக் கொத்தி, மக்கிய எரு கலந்துகொள்ளுங்கள். முளைக்கண் உள்ள கிழங்கை நாலு விரல் ஆழத்தில், ஒன்றரை அடிக்கு ஒன்றாக ஊன்றுங்கள். கழுநீரைக் குளத்தில் கொட்டாமல் பாத்தியிலேயே விடுங்கள்.

பூத்து ஓய்ந்த தண்டு மறுபடி பூக்காது. அதை அடியோடு அறுத்துவிட்டால் பக்கக் கன்றுகள் செழிக்கும்.

இன்னொன்று: குளத்து நீரில் கொசு முட்டையிட்டால் பத்தே நாளில் கொசுவாகப் பறக்கும். நாலைந்து கப்பி மீன்களை விடுங்கள்; புழுக்களை அவை தின்றுவிடும்.

இரண்டு மூன்று வருஷத்தில் புதர் நெருங்கிப்போகும். கிழங்கைத் தோண்டிப் பிரித்து நடுங்கள். மிஞ்சியதை வாய்க்காலில் எறியாதீர்கள். அங்கேயே வேரூன்றி அடைத்துக்கொள்ளும். அடுத்த வீட்டு அம்மாளுக்குக் கொடுங்களேன். அவர் வீட்டுக் கழுநீரும் பூவாகட்டும்!