ஓராண்டுக் கெடுவில் எழுந்த ஆலயம்

கல் கூடாது. கோபுரமோ மணியோ கூடவே கூடாது. மதிலுக்கு வெளியேதான் கட்ட வேண்டும்; அதையும் ஓராண்டுக்குள் முடித்தாக வேண்டும். சைலீசியாவின் புராட்டஸ்டண்டுகளுக்குக் கத்தோலிக்க ஹாப்ஸ்பர்க் பேரரசர் விதித்த நிபந்தனைகள் இவை. 30 ஆண்டுப் போரை முடித்த 1648 உடன்படிக்கையின்படி மூன்றே தேவாலயங்களுக்குத்தான் அனுமதி.

ஷ்வைட்னிட்ஸ் நகரத்தார் அசரவில்லை. மரம், களிமண், வைக்கோல் கொண்டே 7,500 பேர் கூடக்கூடிய 'அமைதி ஆலயத்தை' எழுப்பினர். 1657-ல் முதல் வழிபாடு நடந்தது.

1945-ல் ஜெர்மனி தோற்றது. எல்லை மேற்கே நகர்ந்தது. ஊர் போலந்துக்குப் போய் 'ஸ்விட்னீட்சா' ஆனது. ஜெர்மானியர்கள் வெளியேற்றப்பட்டனர். கிழக்கே சோவியத் யூனியனிடம் சொந்த மண்ணைப் பறிகொடுத்த போலந்துக்காரர்கள் பலர் அந்த வீடுகளில் குடியேறினர். இரு தரப்புக்கும் ஒரே காயம்.

அந்தக் காயத்துக்கு மருந்திட்டதும் இதே வட்டாரம்தான். பெர்லின் சுவர் திறந்த மூன்றாம் நாள், 1989 நவம்பர் 12 அன்று, அருகிலுள்ள க்ஷிஷோவா கிராமத்தில் நடந்த சமரசத் திருப்பலியில் மேற்கு ஜெர்மனியின் ஹெல்முட் கோலும் போலந்துப் பிரதமர் மஸோவியெட்ஸ்கியும் தழுவிக்கொண்டனர்.

நிலைக்கக் கூடாதென்று விதிக்கப்பட்ட வைக்கோல் ஆலயம் 2001-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமானது. சிறிய லூதரன் சபை ஒன்று இன்றும் அங்கே வழிபடுகிறது. விதித்த பேரரசுதான் இல்லை.