குருவியின் வயதும் இறகின் சான்றும்

மாடு வாங்கச் செல்வோன் அதன் வாயைத் திறந்து பல்லைப் பார்க்கின்றான். வெட்டுண்ட தேக்கின் வயதை அதன் வளையங்கள் உரைக்கின்றன. மீனின் வயதைச் செதிலிலுள்ள கோடுகள் உணர்த்துகின்றன. எனின், முற்றத்தில் உலரும் நெல்லைப் பொறுக்கித் திரியும் அடைக்கலங்குருவியின் வயதை எதனைக் கொண்டு அறிவது? ஈழத்துத் தாழ்வாரங்களில் இக்குருவிக்கென மட்கலயம் கட்டித் தொங்கவிடுவாரும் உளர். இத்துணை அண்மையில் வாழும் உயிராயினும், அதன் வயதை அறிதல் எளிதன்று. இறகே சான்று என்பது பலர் கருத்து. அக்கருத்து ஓரளவே பொருந்தும்.

கூட்டை விட்டு அண்மையில் வெளிப்போந்த குஞ்சை இனங்காணுதலில் இடர்ப்பாடில்லை. பொரித்து ஏறத்தாழ இரண்டு கிழமைகளில் அது பறக்கத் தொடங்குகின்றது. அக்குறுகிய காலத்துள் உடல் முழுவதற்கும் ஒருங்கே இறகு முளைக்க வேண்டியிருத்தலின், அவ்விறகுகள் செறிவின்றி நொய்தாய்ப் பஞ்சுபோல் தளர்ந்து காணப்படும். நிறம் பேட்டின் நிறத்தை ஒத்த மங்கிய கபிலம். கடைவாயின் இருமருங்கும் மஞ்சள் நிறமான மென்மடிப்பு ஒன்று உண்டு. இரையூட்டும் தாய்க்கு வாயைக் காட்டுதற்கு உதவும் இம்மடிப்பு, ஊட்டுங்காலம் கழிந்தபின் மெல்ல மறைந்துவிடும்.

இதன்பின் நிகழ்வதே சிக்கலுக்குக் காரணம். சிறு பறவைகளுள் மிகப்பல தம் முதலாம் ஆண்டில் உடலிறகை மட்டும் மாற்றிக்கொள்கின்றன; சிறகிலும் வாலிலுமுள்ள பேரிறகுகள் குஞ்சுப் பருவத்தனவாகவே அடுத்த ஆண்டுவரை நிற்கும். புதிய இறகும் தேய்ந்து வெளிறிய பழைய இறகும் ஒரே சிறகில் அருகருகே கிடத்தலைக் கண்டு, அப்பறவை முதலாண்டினது எனத் துணியலாம். அடைக்கலங்குருவியோ இவ்வழக்குக்குப் புறம்பானது, வானம்பாடியும் அத்தகையதே. குருவிக்குஞ்சு பறக்கத் தொடங்கிய சில வாரங்களில், சிறகிறகு வாலிறகு உட்பட எல்லாவற்றையும் ஒன்றன்பின் ஒன்றாக உதிர்த்துப் புதுக்கத் தொடங்குகின்றது. முதிர்ந்த குருவியும் இனப்பெருக்கம் முடிந்தபின் அவ்வாறே முற்றாக மாற்றும். பிரித்தானியாவில் இம்மாற்றம் முடிய ஏறத்தாழ 80 நாட்கள் செல்லும். முடிந்தபின் ஐந்து மாதக் குருவியும் ஐந்து ஆண்டுக் குருவியும் ஒரே புத்தாடை உடுத்தனவாகும்.

ஆதலின், ஐரோப்பியப் பறவை வளையமிடுவோர் கூட்டமைப்பாகிய யூறிங் வகுத்த குறியீட்டில் இக்குருவியின் நிலை விந்தையானது. நடப்பாண்டிற் பிறந்தது எனத் தெளிந்த பறவைக்கு 3 என்றும், அதற்கு முற்பட்ட ஆண்டிற் பிறந்தது எனத் தெளிந்ததற்கு 4 என்றும், வளர்ந்தது என்பதன்றி வேறொன்றும் அறியப்படாததற்கு 2 என்றும் இலக்கம் இடுவர். கோடையில் 3 பெற்றிருக்கக்கூடிய குருவி, இறகு மாற்றியபின் இலையுதிர்காலத்திற் பிடிபட்டால் 2 ஆகிவிடும். அறிவு வளர்தற்குப் பதிலாகத் தேய்கின்றது! குளிர்நாட்டில் இறகுமாற்றத்துக்குப் பருவமேனும் உண்டு. ஆண்டின் பல மாதங்களில் குஞ்சு பொரிக்கும் வெப்பநாட்டுக் குருவிக்கு அவ்வுதவியும் குறைவு.

ஆண்குருவியின் தொண்டையிலுள்ள கருமையை வயதுக்கு அளவுகோலாகக் கொள்வாரும் உளர். கருமை மிக்கது கிழவன், குறைந்தது இளையோன் என்பது அவர் துணிபு. முதிர்ந்தவற்றில் அப்பரப்புச் சற்றே மிகுதியாதல் உண்மையாயினும், தனியொரு குருவிக்கு அதனைக் கொண்டு தீர்ப்புக் கூறலாகாது. புதிதாக முளைத்த தொண்டையிறகின் நுனி வெளிறியிருக்கும். அடியிலுள்ள கருமையை அது மறைக்கும். மாதங்கள் செல்ல நுனி தேய்ந்து உதிர, கருமை வெளித்தோன்றும். ஒரு முடியும் புதிதாய் முளையாமலே குருவி கறுக்கின்றது என்க. அலகின் நிறமும் அத்தன்மையதே. இனப்பெருக்க காலத்தில் ஆணின் அலகு கறுத்திருத்தல் ஆண்மைச் சுரப்பின் விளைவு. அக்காலம் கழிந்தால் வெளிறிவிடும். இவை பருவத்தைக் காட்டுவனவேயன்றி வயதைக் காட்டுவன அல்ல.

இறகு கைவிட்டவிடத்து மண்டையோடு சிறிது துணைசெய்யும். இளங்குருவியின் மண்டையோடு தொடக்கத்தில் ஒரே படையாய் இருக்கும். பின்னர் இரண்டாம் படை உள்ளே தோன்றி, இடையே நுண்ணிய தூண்கள் எழும். தலையிறகை நீர்தொட்டு விலக்கி, தோலினூடே இதனைக் காணலாம். 1951இல் வெளிவந்த ஓர் ஆய்வு குருவியில் இம்மாற்றம் நிகழும் முறையையும் வேகத்தையும் விளக்கிற்று. எனினும் ஏறத்தாழ ஆறு மாதங்களில் அது நிறைவெய்திவிடும். அதற்கப்பால், குஞ்சாயிருந்தபோதே காலில் இட்ட வளையமே ஐயந்தீர்க்கும் சான்று. டென்மார்க்கில் வளையமிடப்பெற்ற ஒரு குருவி 19 ஆண்டும் 9 மாதமும் கழிந்தபின் இறந்து கிடக்கக் காணப்பட்டது. அதன் இறகை மட்டும் நோக்கியோர் அதனை எவ்வயதினது என்றிருப்பர்?

இஃது ஏட்டளவான ஐயமன்று. 1898 பெப்புருவரி 1ஆம் நாள் அமெரிக்காவின் றோட் ஐலண்ட் மாநிலத்திற் கடும் பனிப்புயல் வீசியது. நொந்து வீழ்ந்த 136 குருவிகள் பிறவுண் பல்கலைக்கழகத்துக்குக் கொணரப்பட்டன. 72 பிழைத்தன, 64 இறந்தன. ஹேர்மன் பம்பஸ் என்னும் பேராசிரியர் அவற்றின் உடல் அளவுகளை எடுத்து, டார்வின் கூறிய இயற்கைத் தேர்வுக்குச் சான்றாக வெளியிட்டார். ஆண்குருவிகளை அவர் முதிர்ந்தன 59, இளையன 28 எனப் பிரித்தார். முதிர்ந்தவற்றுள் 35ம், இளையவற்றுள் 16ம் பிழைத்தன. நூற்றுக்கு 59, 57 என்னும் இவ்வீதங்களிடையே வேறுபாடு இல்லை எனலாம். ஆயின், பெப்புருவரியில் எல்லாக் குருவிகளும் இறகு மாற்றி முடித்திருக்கும். மண்டையோடும் பெரும்பாலும் நிறைவெய்தியிருக்கும். தொண்டைக் கருமையை நோக்கிப் பிரித்திருப்பின், கருமை குறைந்த கிழவர் சிலர் இளையோர் வரிசையிலும், கருமை மிக்க இளையோர் சிலர் முதியோர் வரிசையிலும் கலந்திருத்தல் கூடும். இரு தொகுதிகள் கலந்தால், அவற்றிடை உண்மையாக உள்ள வேறுபாடும் மங்கிப்போம். ஆகவே வயது புயலைத் தாங்க உதவியதா என்ற வினாவுக்கு அவ்வட்டவணை விடை கூறவில்லை என்பதே நேர்மையான முடிபு. பேடுகளை அவர் வயதுபற்றிப் பிரிக்கவில்லை. 49ஐயும் ஒரே தொகுதியாக வைத்தார். அவற்றுட் பிழைத்தவை 21.