காஞ்சிபுர நெசவு ஆவணங்களை எண்ணிமமாக்கல்: கட்டற்ற இயங்குதளத்திற்கேற்ற தட்டை வருடியைத் தேர்தல்

முன்னுரை

காஞ்சிபுரத்தில் கல்லில் பொறிக்கப்பட்டவை நிலைத்து நிற்க, தாளில் எழுதப்பட்டவை விரைந்து அழிந்து வருகின்றன. சேலையின் கரை, முந்தானை, புட்டா ஆகியவற்றிற்காக வரையப்பட்ட கட்டத்தாள் வரைவுகள், பழஞ்சேலைத் துண்டுகள், கணக்கேடுகள், 1942இல் அறிஞர் அண்ணா இந்நகரிலிருந்து தொடங்கிய 'திராவிட நாடு' போன்ற இதழ்களின் தொகுதிகள் ஆகியன இவ்வகையின. 2005–06ஆம் ஆண்டில் காஞ்சிபுரப் பட்டு பெற்ற புவிசார் குறியீடு அதன் பெயரைக் காக்கும், வரைவுத்தாளைக் காக்காது. எனவே இவற்றை எண்ணிமமாக்கல் இன்றியமையாதது. அப்பணிக்குரிய தட்டை வருடியை லினக்ஸ் முதலிய கட்டற்ற இயங்குதளங்களுக்கேற்பத் தேரும் முறையை இக்கட்டுரை விளக்குகிறது.

இயக்கியின் இன்றியமையாமை

வருடியைக் கணினியோடு பேசவைப்பது இயக்கி என்னும் மென்பொருள். அது மூடிய மென்பொருளாக இருப்பின், இயங்குதளம் மாறும்போது நிறுவனம் புதிய இயக்கியை வெளியிடாவிடில், பழுதற்ற கருவியும் பயனற்றதாகும். பல்லாண்டு நீளும் ஆவணப் பணிக்கு இஃது ஊறு விளைவிப்பது. லினக்ஸில் இத்தேவையை நிறைவு செய்வது 'சேன்' என்னும் கட்டற்ற மென்பொருள் தொகுப்பு. ஒவ்வொரு கருவிக் குடும்பத்திற்கும் அதில் தனித்தனி இயக்கி உண்டு. எந்த வருடி முழுமையாக இயங்கும், எது ஓரளவே இயங்கும், எது இயங்காது என்னும் பட்டியலையும் அத்திட்டம் வெளியிடுகிறது. கருவி வாங்குவோர் முதலில் காணவேண்டியது இப்பட்டியலே.

பெயரொப்புமை கொண்டு முடிவு செய்தல் கூடாது. கேனான் லைடு வரிசையில் 220ஆம் எண் கருவி 'ஜெனிசிஸ்' இயக்கியாலும், 300ஆம் எண் கருவி 'பிக்ஸ்மா' இயக்கியாலும் இயங்குகின்றன. ஆதலின் வரிசைப் பெயரை விடுத்து மாதிரி எண்ணையும் யூஎஸ்பி அடையாள எண்ணையும் ஒப்பிட வேண்டும். சில கருவிகளுக்குச் சேன் இயக்கியோடு, நிறுவனத்தின் உள்மென்பொருள் கோப்பும் தேவைப்படும். வேறு சில நிறுவனத்தின் மூடிய செருகுநிரல் இன்றி இயங்கா. இவ்விருவகையும் இரண்டாம் நிலைத் தேர்வுகளே. 'ஈஎஸ்சிஎல்' என்னும் பொது நெறிமுறையைப் பின்பற்றும் கருவிகள் தனி இயக்கியின்றியே இயங்குவதால் அவையும் கருதத்தக்கன.

உணரியும் ஆவணத்தின் இயல்பும்

தட்டை வருடிகளின் உணரிகள் இருவகைப்படும். தொடு உணரி கொண்டவை மெல்லியன, விலை குறைந்தன, யூஎஸ்பி மின்சாரத்திலேயே இயங்குவன. ஆயின் கண்ணாடியை ஒட்டியிருப்பதை மட்டுமே அவை தெளிவாகக் காட்டும். மடிப்பும் மேடும் மங்கும். ஆடியும் வில்லையும் கொண்ட சிசிடி வகை பருமனானது. எனினும் சற்று உயர்ந்திருக்கும் பரப்பையும் தெளிவாகப் பதியும். தனித்தாளான கட்டத்தாளுக்கு முதல் வகை போதும். தொகுதியாகக் கட்டப்பட்ட இதழின் நடுமடிப்பிற்கும் சரிகை புடைத்த துணிக்கும் இரண்டாம் வகையே ஏற்றது.

ஓலைச்சுவடிக்குத் தட்டை வருடி பொருந்தாது. நீண்ட ஓலை கண்ணாடியில் அடங்காது; மூடியின் அழுத்தத்தால் முறியவும் கூடும். ஆங்கு நிழற்படக் கருவியே தக்கது.

நுண்மையும் சேமிப்பும்

ஜக்கார்டு அட்டைக்கு வழிகாட்டும் கட்டத்தாளில், எந்தக் கட்டம் நிரப்பப்பட்டுள்ளது என்பதே செய்தி. 2 மில்லிமீட்டர் அகலமுள்ள கட்டம், அங்குலத்திற்கு 300 புள்ளி அளவில் ஏறத்தாழ 24 படப்புள்ளிகளைப் பெறும், இது போதுமானது. இழையமைப்பை ஆராய 600 அல்லது அதற்கு மேற்பட்ட அளவு வேண்டும். ஏ4 வண்ணப்படம் ஒன்று சுருக்கப்படாத நிலையில் 300 புள்ளியில் சுமார் 26 மெகாபைட்டும், 600 புள்ளியில் சுமார் 104 மெகாபைட்டும் கொள்ளும். நுண்மை இருமடங்கானால் சேமிப்பு நான்மடங்காகும் என்பதைத் திட்டமிடும்போதே கருத வேண்டும். விளம்பரத்திலுள்ள மிகை எண் பெரும்பாலும் மென்பொருள் இட்டு நிரப்பும் புள்ளிகளைக் குறிப்பது. ஒளியியல் நுண்மையே மெய்யளவு. மூலப்படத்தை இழப்பற்ற டிஃப் வடிவிலும், பரப்புவதற்குரிய படியை ஜேபெக் வடிவிலும் வைத்தல் நன்று. அச்சுப் பக்கங்களின் எழுத்துகளை உணரத் தமிழையும் அறியும் கட்டற்ற மென்பொருளான டெசராக்ட் பயன்படும்.

வாங்குமுன் சோதனை

லினக்ஸ் நிறுவிய மடிக்கணினியைக் கடைக்கே கொண்டு சென்று, வருடியை இணைத்து, 'ஸ்கேன்இமேஜ்' கட்டளை அதனை இனங்காண்கிறதா எனப் பார்த்தல் முதற்படி. கட்டத்தாள் ஒன்றை 300, 600 புள்ளிகளில் வருடி, ஓரங்களில் கோடுகள் வளைகின்றனவா, வண்ணங்கள் பிறழ்கின்றனவா என நோக்குதல் அடுத்தபடி. கண்ணாடியின் பரப்பு ஏ4 அளவினதாயின், பெரிய வரைவுகளைப் பகுதிகளாக வருடிப் பின்னர் இணைக்க வேண்டியிருக்கும். கோடு வளையாக் கருவியிலேயே அவ்விணைப்பு பொருந்தும்.

முடிவுரை

ஆவணத்தின் இயல்பு உணரியையும், பணியின் நீட்சி இயக்கியையும், ஆய்வு வினா நுண்மையையும் தீர்மானிக்கின்றன. விலை இவற்றின் பின்னரே வருவது. கட்டத்தாள் வரைவு பெரும்பாலும் ஒரே படியாக இருப்பது. கரையானுக்கு இரையான தாளை மீண்டும் வருட இயலாது. கருவியும் இயங்குதளமும் மாறினும் திறக்கத்தக்க வடிவில் அதன் படத்தை விட்டுச்செல்வதே இப்பணியின் நோக்கமாதல் வேண்டும்.