விண்வழிச் செல்லும் அபயக்குரல்

புதுச்சேரி கோரிமேட்டில் ஒருவர் சாலையில் மயங்கி விழுந்தால், அருகிலிருப்பவர் கைப்பேசியில் 108ஐ அழைக்கிறார். ஜிப்மர் மருத்துவமனையும் அங்கேயே உள்ளது. அதே கைப்பேசியுடன் வீராம்பட்டினத்திலிருந்து ஆழ்கடலுக்குச் சென்ற மீனவருக்கு இடர் நேர்ந்தால் யாரை அழைப்பார்? கரையிலுள்ள கோபுரங்களின் அலைவரிசை நடுக்கடலை எட்டுவதில்லை.

இக்குறையின் கொடுமையை 2017இல் ஒக்கிப் புயல் உணர்த்தியது. நவம்பர் 29 அன்று தாழ்வு மண்டலமாக இருந்தது, மறுநாளே புயலாக வலுப்பெற்றது. முன்னரே ஆழ்கடலுக்குச் சென்றிருந்த கன்னியாகுமரி மாவட்ட மீனவர் பலரை எச்சரிக்கை சென்றடையவில்லை. அவர்தம் அபயக்குரலும் கரையை எட்டவில்லை. பலர் வீடு திரும்பவில்லை.

கருவியும் வளர்ச்சியும்

கோபுரம் இல்லாத இடத்திலும் வானம் உண்டு. இவ்வுண்மையே செயற்கைக்கோள்வழிச் செய்திக்கு அடிப்படை. இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் உருவாக்கிய இடர் அறிவிப்புக் கருவி 2010 முதல் பயன்பாட்டில் உள்ளது. படகிலிருந்து அனுப்பப்படும் குறிப்பு, செயற்கைக்கோள் வழியாகக் கட்டுப்பாட்டு மையத்தை அடையும். அங்குப் படகின் அடையாளமும் இருப்பிடமும் கண்டறியப்பட்டு, கடலோரக் காவல்படையின் மீட்பு மையங்களுக்குத் தெரிவிக்கப்படும்.

எனினும், தம் குரல் கேட்கப்பட்டதா என்பதை மீனவர் அறிய இயலவில்லை. 2024 சனவரியில் அறிமுகமான இரண்டாம் தலைமுறைக் கருவி இக்குறையை நீக்கியது. செய்தி கிடைத்தது என்னும் ஒப்புகை படகுக்கே திரும்பி வருகிறது. புயல் எச்சரிக்கையும் வந்து சேர்கிறது. கருவியைப் புளூடூத் வழியாகக் கைப்பேசியுடன் இணைத்துத் தாய்மொழியிலேயே செய்திகளைப் படிக்கலாம்.

கைப்பேசியே கருவியாதல்

தனிக்கருவியின்றிக் கைப்பேசியே செயற்கைக்கோளுடன் தொடர்புகொள்ளும் வசதியை ஆப்பிள் நிறுவனம் 2022இல் ஐபோன் 14 வாயிலாக அமெரிக்காவிலும் கனடாவிலும் தொடங்கியது. விரைந்து நகரும் செயற்கைக்கோளை நோக்கிக் கைப்பேசியைத் திருப்ப வேண்டிய திசையைத் திரையே காட்டும். கைப்பேசியின் ஆற்றல் சிறிது. செயற்கைக்கோளோ மிகத் தொலைவில் உள்ளது. ஆதலால், நீண்ட உரையாடலுக்கு மாறாகச் சுருக்கமான எழுத்துச் செய்தியே அனுப்பப்படுகிறது.

இத்தகைய வசதியைப் பயன்படுத்துவோர் திறந்தவெளியில் நிற்றல் வேண்டும். அடர்ந்த மரங்களும் கட்டடங்களும் அலைகளைத் தடுக்கும். நேர்ந்தது யாது, எத்தனை பேர், காயம் உண்டா என்பனவற்றைச் சில சொற்களில் தெரிவித்தல் வேண்டும். மின்கலத்தின் ஆற்றலைச் சேமித்தலும் இன்றியமையாதது.

எத்துணைச் சிறந்த கருவியாயினும், கரையில் விட்டுச் சென்றால் கடலில் உதவாது. கருவியை உடன்கொண்டு செல்வதும், அதனை இயக்கும் முறையை இடர் வருமுன்னரே பழகுவதும் உயிர்காக்கும் அறிவாகும்.