இன்சுலின் பம்ப்: தொடக்க வாரங்களில் கற்க வேண்டியவை

முதல் வகை நீரிழிவில், கணையத்தில் இன்சுலினைச் சுரக்கும் பீட்டா செல்களை உடலின் நோய் எதிர்ப்பு அமைப்பே அழித்துவிடுவதால், நோயாளி வாழ்நாள் முழுவதும் இன்சுலினை வெளியிலிருந்து பெற வேண்டியவராகிறார். நலமான கணையம் இன்சுலினை இருவகையில் சுரக்கிறது: உணவில்லாத நேரத்திலும் கல்லீரல் வெளியிட்டுக்கொண்டிருக்கும் குளுக்கோஸைக் கட்டுக்குள் வைக்கச் சிறு அளவில் ஓயாமல் சுரப்பது ஒன்று, உண்ட உணவு குளுக்கோஸாகி இரத்தத்தில் சேரும்போது மிகுதியாகச் சுரப்பது மற்றொன்று. முன்னதை ஈடுசெய்யும் இன்சுலினை மருத்துவர்கள் ‘பேசல்’ என்றும், பின்னதை ஈடுசெய்வதை ‘போலஸ்’ என்றும் குறிப்பிடுவர்.

ஊசி வழிச் சிகிச்சையில் பேசல் தேவைக்கு நீண்ட நேரம் செயல்படும் இன்சுலினும், ஒவ்வொரு வேளை உணவுக்கும் விரைவாகச் செயல்படும் இன்சுலினும் போடப்படுகின்றன. காலையில் போட்ட நீண்டநேர இன்சுலினைப் பிற்பகலில் குறைக்கவோ கூட்டவோ வழியில்லை. பம்ப் இக்குறையை நீக்குகிறது. உள்ளங்கையில் அடங்கும் இக்கருவி விரைவாகச் செயல்படும் இன்சுலினை மட்டுமே கொண்டு, மெல்லிய குழாயின் முனையில் தோலுக்கடியில் பொருத்தப்பட்ட ‘கேனுலா’ எனும் நுண்குழல் வழியாக, பேசல் அளவை நாள் முழுவதும் சிறுகச் சிறுகவும், போலஸ் அளவைப் பயனாளர் பொத்தானை அழுத்தும்போதும் செலுத்துகிறது.

1960களின் தொடக்கத்தில் லாஸ் ஏஞ்சலீஸ் மருத்துவர் ஆர்னால்ட் காடிஷ் உருவாக்கிய கருவி, முதுகில் சுமக்க வேண்டிய அளவுக்குப் பெரிதாக இருந்தது. 1978இல் லண்டன் கய்ஸ் மருத்துவமனையைச் சேர்ந்த ஜான் பிக்கப், ஹாரி கீன் உள்ளிட்ட குழுவினர், சிறிய பம்ப் மூலம் தோலடியில் இன்சுலினைத் தொடர்ந்து செலுத்தும் முறையின் முடிவுகளை வெளியிட்டனர். அமெரிக்காவிலும் கனடாவிலும் 1,441 பேரைக் கொண்டு 1983 முதல் 1993 வரை நடந்த பேராய்வு, பலமுறை ஊசி அல்லது பம்ப் வழியாகச் சர்க்கரையை இயல்பு நிலைக்கு நெருக்கமாக வைத்திருந்தால், விழித்திரைப் பாதிப்பு தோன்றும் வாய்ப்பு 76 சதவீதம் குறைவதை நிறுவியது. அதே ஆய்வில், தீவிரச் சிகிச்சை பெற்றோருக்குக் கடுமையான தாழ்சர்க்கரை ஏறத்தாழ மூன்று மடங்காக ஏற்பட்டதும் தெரியவந்தது. நுட்பமான கட்டுப்பாடு நன்மையோடு பொறுப்பையும் கொண்டுவருகிறது என்பதால்தான், பம்பை வாங்குவதற்கும் அதைப் பயன்படுத்தக் கற்பதற்கும் இடையிலுள்ள தொலைவு முக்கியமாகிறது.

தொடக்க அளவுகள்

பம்புக்கு மாறும்போது, ஊசியில் எடுத்த மொத்த அளவிலிருந்து ஒரு பகுதியைக் குறைத்து, எஞ்சியதில் ஏறத்தாழப் பாதியைப் பேசலாக வகுப்பது மருத்துவர்களின் பொது வழக்கம். நாளொன்றுக்கு 48 யூனிட் எடுத்தவருக்கு 25 சதவீதம் குறைத்தால் 36 யூனிட் ஆகும்; அதில் பாதியான 18 யூனிட்டை 24 மணி நேரத்துக்குப் பகிர்ந்தால், பேசல் மணிக்கு 0.75 யூனிட் ஆகிறது. ஒரு யூனிட் எத்தனை கிராம் மாவுச்சத்துக்கு ஈடாகும் என்பதை அறிய, 500 என்ற எண்ணைக் குறைத்தபின் உள்ள மொத்த அளவால் வகுப்பர். இவருக்கு அது 14 கிராம். ஒரு யூனிட் சர்க்கரையை எவ்வளவு இறக்கும் என்பதற்கு 1800ஐ வகுப்பர். இவருக்கு அது டெசிலிட்டருக்கு 50 மில்லிகிராம். 100 கிராம் சோற்றில் ஏறத்தாழ 28 கிராம் மாவுச்சத்து இருப்பதால் அதற்கு 2 யூனிட்டும், இலக்கு 120 ஆக இருக்கையில் உணவுக்கு முன் சர்க்கரை 220 காட்டினால் திருத்தத்துக்கு 2 யூனிட்டும் தேவைப்படும்.

இவை தொடக்கப் புள்ளிகளே. ஒருவரின் உண்மையான தேவையை அளந்தே அறிய முடியும். இரவு உணவு செரித்து, அதற்கான போலஸின் செயல் முடிந்தபின், விடியும்வரை சர்க்கரை பெரிதும் ஏறாமலும் இறங்காமலும் இருந்தால் இரவுப் பேசல் பொருந்துகிறது எனலாம். வளர்ச்சி ஹார்மோன், கார்ட்டிசால் ஆகியவற்றால் பலருக்கு அதிகாலையில் சர்க்கரை ஏறுவதுண்டு. அந்த நேரத்துக்கு மட்டும் பேசலை உயர்த்திவைக்கப் பம்பில் முடியும். நெய் மிகுந்த பொங்கல் போன்ற உணவின் மாவுச்சத்து மெதுவாகவே இரத்தத்தில் சேர்வதால், போலஸின் ஒரு பகுதியை உடனேயும் மறுபகுதியைச் சில மணி நேரத்துக்கு நீட்டித்தும் செலுத்தும் வசதி பல பம்புகளில் உண்டு. முந்தைய போலஸ் இன்னும் உடலில் செயல்பட்டுக்கொண்டிருக்கும்போது அடுத்த திருத்த அளவை அவசரமாகச் செலுத்துவது, புதியவர்களைத் தாழ்சர்க்கரையில் தள்ளும் பொதுவான தவறாகும்.

இன்சுலின் தடைபடும்போது

நீண்டநேர இன்சுலின் உடலில் இல்லாததே பம்பின் பலம். அதன் பெரிய ஆபத்தும் அதுவே. கேனுலா மடங்கினாலோ, குழாயில் காற்று புகுந்தாலோ, பொருத்திய இடத்திலிருந்து கேனுலா கழன்றாலோ, சில மணி நேரத்திலேயே உடலில் இன்சுலின் தீர்ந்து, கொழுப்பு சிதைந்து, கீட்டோன் எனும் அமிலப்பொருள்கள் பெருகி, உயிருக்கே ஆபத்தான ‘கீட்டோஅசிடோசிஸ்’ நிலை உருவாகலாம். ஆகவே, காரணமின்றிச் சர்க்கரை 250க்கு மேல் ஏறி, திருத்த அளவு செலுத்தியும் இறங்காவிட்டால், கீட்டோனைச் சோதித்து, பேனா ஊசி அல்லது சிரிஞ்சு மூலம் இன்சுலின் போட்டுக்கொண்டு, அதன்பின் குழாயையும் கேனுலாவையும் புதிதாக மாற்ற வேண்டும். வாந்தியோ மூச்சிரைப்போ தொடங்கினால், தாமதிக்காமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

கேனுலாவை 2 அல்லது 3 நாளுக்கொரு முறை, வயிறு, தொடை, பிட்டம் என இடம் மாற்றிப் பொருத்துவது அவசியம். ஒரே இடத்தில் தொடர்ந்தால் தோலடிக் கொழுப்பு தடித்து இன்சுலின் சீராக உறிஞ்சப்படாது. உறங்கப் போகும் நேரத்தில் மாற்றாமல் பகலில் மாற்றினால், 2 மணி நேரத்துக்குப்பின் சர்க்கரையைப் பார்த்து, இன்சுலின் உள்ளே செல்கிறதா என்று உறுதிசெய்ய முடியும். இன்சுலின் வெப்பத்தில் வீரியம் இழப்பதால், கோடை வெயிலில் நிறுத்திய வண்டியிலோ கடும் வெயில் படும் இடத்திலோ பம்பையும் மருந்தையும் வைத்தல் கூடாது.

சர்க்கரையைத் தொடர்ந்து அளக்கும் உணரியின் தரவைக் கொண்டு பேசலைத் தானே கூட்டிக் குறைக்கும் முதல் கருவிக்கு 2016 செப்டம்பரில் அமெரிக்க அரசு ஒப்புதல் அளித்தது. அத்தகைய கருவியிலும், உண்ணும் மாவுச்சத்தின் அளவைப் பயனாளரே தெரிவிக்க வேண்டும். குழாய் அடைபட்டால் அதை மாற்றுவதும் அவரேதான். எனவே பம்புக்கு லட்சங்களில் செலவிட முன்வரும் குடும்பம், கருவியின் வசதிகளைக் கேட்பதற்கு முன் வேறு சில கேள்விகளைக் கேட்க வேண்டும்: மாவுச்சத்தைக் கணக்கிட யார் கற்பிப்பார், முதல் வாரங்களில் அளவுகளை யார் சீராக்குவார், நள்ளிரவில் சர்க்கரை இறங்காதபோது தொலைபேசியை எடுத்து வழிகாட்ட யார் இருப்பார், மாதந்தோறும் குழாய்க்கும் உணரிக்கும் ஆகும் செலவை எவ்வாறு தாங்குவது. இவற்றுக்குத் தெளிவான விடை கிடைத்தபின் தொடங்கும் பம்ப் சிகிச்சைதான், உணவு நேரத்திலும் உறக்கத்திலும் விளையாட்டிலும் நோயாளிக்கு உண்மையான சுதந்திரத்தைத் தரும்.