போர் புதைத்த நினைவுகள்

உடலிற் பட்ட புண்ணை மருத்துவர் கண்ணாற் காண்கிறார், மருந்திட்டுக் கட்டுகிறார். உள்ளத்திற் பட்ட புண் அவ்வாறு புலப்படுவதில்லை. அப்படியொரு புண் உண்டு என்பதை ஐரோப்பிய மருத்துவ உலகம் பரவலாக ஏற்பதற்கு ஒரு பெரும்போரே வேண்டியிருந்தது.

முதல் உலகப் போரில், உடலிற் காயமில்லாத வீரர் பலர் பேச்சிழந்தனர், கைகால் நடுங்கினர், நள்ளிரவில் அலறி விழித்தனர். 1915-இல் சார்லஸ் மையர்ஸ் என்னும் ஆங்கில மருத்துவர் இந்நிலையைக் 'குண்டு அதிர்ச்சி' என்ற பெயரால் மருத்துவ இதழில் விளக்கினார். அருகில் வெடித்த குண்டு மூளையைக் கலக்கியதே காரணம் என முதலிற் கருதப்பட்டது. ஆனால், குண்டுவெடிப்பில் சிக்காதவரையும் இந்நோய் பற்றியது. எனவே, நோயின் வேரை மனத்திலேயே தேட வேண்டியதாயிற்று.

வியன்னா நகரத்து அறிஞர் சிக்மண்ட் பிராய்டின் உளப்பகுப்பியல் இங்கே துணை நின்றது. தாங்கவொண்ணா நினைவை மனம் அடிமனத்துள் அழுத்திவிடும். அழுத்தப்பட்டது அழியாது, கனவாகவும் நோயாகவும் மீண்டுவரும் என்பது அவர் கொள்கை.

ரிவர்ஸ் கண்ட வழி

இக்கொள்கையைப் போர்வீரர்பால் கையாண்டவருள் டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ் குறிப்பிடத்தக்கவர். நீலகிரித் தோடரிடையே ஆராய்ச்சி செய்து 1906-இல் பெருநூல் வெளியிட்டவரும் இவரே. பிராய்டு வற்புறுத்திய பாலுணர்ச்சிக் காரணத்தை இவர் போர்நோய்க்குப் பொருத்தவில்லை. அழுத்தப்பட்ட நினைவு பற்றிய கருத்தையே எடுத்துக்கொண்டார்.

எடின்பரோவை அடுத்த கிரெய்க்லாக்கார்ட் இராணுவ மருத்துவமனையில் அவர் பணிபுரிந்தார். "நடந்ததை மறந்துவிடு" என்பதே நோயாளிகளுக்குப் பிறர் கூறிவந்த அறிவுரை. ரிவர்ஸோ அவர்களை நினைத்துப் பார்க்கவும் பேசவும் செய்தார். நண்பனின் உடல் குண்டினாற் சிதறிக் கிடந்ததைக் கண்ட அதிகாரி ஒருவரை அக்காட்சி இரவுதோறும் வாட்டியது. உடல் அவ்வளவு சிதைந்திருந்தமையே நண்பன் துன்பமின்றி நொடியில் இறந்ததற்குச் சான்று என்று ரிவர்ஸ் எடுத்துக்காட்டினார். பின்னொரு கனவில் அவ்வதிகாரி நண்பனருகே மண்டியிட்டு, உறவினர்க்கு அனுப்ப அவன் உடைமைகளைத் திரட்டினார். அச்சம் நீங்கி, துயரம் மட்டுமே எஞ்சியது.

மருத்துவமும் அரசியலும்

1917 ஜூலையில் சீக்பிரீட் சசூன் என்னும் கவிஞர் அங்கே அனுப்பப்பட்டார். தற்காப்புக்காகத் தொடங்கிய போர் நாடு பிடிக்கும் போராக மாறிவிட்டதென அறிக்கை விடுத்ததே அவர் செய்த குற்றம். அவரை இராணுவ மன்றத்தில் நிறுத்துவதினும் நோயாளியாக்குவது ஆட்சிக்கு எளிதாயிருந்தது. அவரிடம் மனநோய் எதனையும் ரிவர்ஸ் காணவில்லை. எனினும், வீரரைக் குணப்படுத்திப் போர்முனைக்கே திருப்பி அனுப்புவது இராணுவ மருத்துவரின் கடமை. நோய் மனிதனிடமா, போரிடமா என்ற வினா ரிவர்ஸின் மனத்தையும் உறுத்தியது.

அதே மருத்துவமனையில் வில்பிரட் ஓவன் என்ற இளைஞரும் இருந்தார். சசூனின் நட்பால் அவர் கவிதை முதிர்ந்தது. அடிமனத்தின் கொடுங்கனவுகள் கவிதையாயின. போரை எதிர்க்கும் சான்றுகளாயின. குணமடைந்து திரும்பிய ஓவன், 1918 நவம்பர் 4-இல், போர் ஓய ஒரு வாரமே இருக்கையில், களத்தில் மாண்டார்.

ஓடியவர், கோழைகள் முதலிய குற்றப்பெயரால் பிரித்தானியப் படை சுட்டுக்கொன்றவர்களும் உண்டு. அவருள் 306 பேருக்கு அந்நாட்டுச் சட்டம் 2006-இல்தான் மன்னிப்பு வழங்கியது. தனிமனிதர்போலவே நாடுகளும் தம் நினைவுகளைப் புதைக்கின்றன. அவற்றை எடுத்துப் பேசத் தொண்ணூறாண்டுகூட ஆகிவிடுகிறது.